எழும்பாத கட்டை

ஆவடி குவார்ட்டர்ஸில் வனஜா என்றால் எந்த வனஜா என்று கேட்பார்கள். பியானோ வனஜா என்றால் உடனே தெரிந்துவிடும். அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்ள இன்னொரு அடையாளமும் வைத்திருந்தார்கள்: புருஷனை முழுங்கினவ.

முழுங்கியது ஒரு லாரி. நசரத்பேட்டையில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஜெயராமன் மேல், முன்விளக்கு எரியாத லாரி ஒன்று ஏறிவிட்டது. லாரிக்காரன் அபராதம் கட்டிவிட்டுப் போனான். விசாரணை முழுக்க நடந்தது வனஜாவின் ஜாதகத்தின் மேல்தான். ஜெயராமன் வீட்டார் ஊரிலிருந்து ஜோசியரையே கூட்டிவந்து செவ்வாய் எங்கே நிற்கிறது, சனி எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். லாரியின் விளக்கு ஏன் எரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாயைக் குற்றம் சொன்னால் அது கோர்ட்டுக்கு வராது; பெண்ணைக் குற்றம் சொன்னால் அவளும் வரமாட்டாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு.

புருஷன் வேலையில் இருக்கும்போதே இறந்ததால், கருணை அடிப்படையில் டாங்கித் தொழிற்சாலை அலுவலகத்தில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் தங்கியது. "தாலியைக் குடுத்து வேலை வாங்கிக்கிட்டா" என்று பேசினார்கள். பேசியவர்களின் பிள்ளைகள்தான் சாயங்காலமானால் அவளிடம் பியானோவும் பாட்டும் கற்றுக்கொள்ளத் தொழிலாளர் மன்றத்துக்கு வந்தார்கள்.

பியானோ அவளுக்கு வந்த கதை சின்னது. பூந்தமல்லியில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் அவள் அம்மா பாத்திரம் கழுவினாள். சேரிப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதி இல்லாத காலம். அதனால் மகளையும் விடுதியிலேயே சேர்த்தாள். காலை ஜெபத்துக்குப் பியானோ வாசிக்கும் மிஸ்ஸுக்கு மணிக்கட்டு வலி. வரிசையில் நின்ற பெண்களின் கைகளைத் திருப்பிப் பார்த்து, நீளமான விரல் உள்ளவளாக ஒருத்தியைப் பொறுக்கினார். அதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது. வனஜாவுக்கு அன்றைக்கும் சாமி மேல் பெரிய பிடிப்பு இல்லை, பின்னாலும் வரவில்லை. சத்தம் பிடித்திருந்தது. ஒரு கட்டையை அமுக்கினால் யார் அமுக்கினாலும் அதே சத்தம் வருகிறது என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மன்றத்தில் கிடந்த பழைய சுவர்ப் பியானோவைக் கறையான் அரித்து, ஒரு நாள் பாட்டு வகுப்பு நடக்கும்போதே அது பின்பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, பிள்ளைகள் முன்பக்கம் இருந்தார்கள். எண்பத்தொன்பதில் மன்றத்துக்கு வெள்ளி விழா வந்தது. புது அரங்கம் கட்டியிருந்தார்கள். பெரிய அதிகாரியின் மனைவி கல்கத்தாக்காரர். அரங்கம் என்றால் ஒரு கிராண்ட் பியானோ இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரியின் மனைவி சொன்னால் நிதி தானாக ஒதுங்கும், ஒதுங்கியது. புதிதாக வாங்குவதா, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்குவதா என்பதுதான் பாக்கி. பார்த்துச் சொல்லும் வேலை வனஜாவுக்கு வந்தது, வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாததால். கூடவே மன்றச் செயலாளர் வீரராகவனும் வந்தார்.

முதலில் மவுண்ட் ரோடு. குளிரூட்டிய கடையில் கொரியாவிலிருந்து வந்த புதுப் பியானோ கறுப்பாக நின்றது. வீரராகவன் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். வனஜா வாசித்தாள். மேல் கட்டைகள் பளிச்சென்று பேசின. கீழ்க் கட்டைகள் சளி பிடித்த மாதிரி இருந்தன.

"எப்படிம்மா?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது ஏசி ரூம்லயே இருந்தது. நம்ம ஊர் மே மாசத்தையும் ஐப்பசி மழையையும் இன்னும் பாக்கல. மரம் என்ன பண்ணும்னு சொல்ல முடியாது."

"கேரண்டி தராங்களே!"

அவர் கேட்டதும் நியாயம்தான்.

மறுநாள் பூந்தமல்லி. கலீல் ரகுமான் பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்பவர். குடோனுக்குள் பீரோ, கட்டில், தையல் மெஷின், கொம்பு உடைந்த மான் தலை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

"வாங்க மேடம். பாத்து, அந்த மேஜை மேல சாயாதீங்க. அதுக்கு மூணு காலுதான் கீது."

வனஜா மூலையில் பார்த்தாள். "அதுக்கும் மூணு கால்தான் பாய்."

"அத்த அப்படித்தான் மேடம் செஞ்சிருக்கான், ஜெர்மன்காரன்!" என்று கலீல் சிரித்துக்கொண்டே பியானோ மேல் கிடந்த சாக்கை உருவினார். "ஒருத்தன் வந்தான், மரம் நல்லாக் கீது, அறுத்துக் கட்டில் பண்ணிக்கிறேன்னான். இன்னொருத்தன் உள்ளார கீற இரும்பு எவ்ளோ வெயிட்டு வரும்னான். வாசிக்கத் தெரிஞ்சு வந்த மொத ஆளு நீங்கதான்."

வீரராகவன் கிட்டே வராமல் கேட்டார். "செத்த வீட்டுச் சாமானா?"

"யாரும் சாவல சார். பரங்கிமலையில ஒரு சட்டைக்காரங்க, ஆங்கிலோ இந்தியன் குடும்பம். ஆஸ்திரேலியா போய்ட்டாங்க."

"குடும்பத்தோட ஊரையே காலி பண்ணிட்டுப் போனாங்கன்னா, அதுவும் ஒரு மாதிரி அதுதானே" என்றார் வீரராகவன். ஆஸ்திரேலியாவுக்கும் சுடுகாட்டுக்கும் அவர் கணக்கில் பெரிய தூரம் இல்லை.

வனஜா உட்கார்ந்தாள். கட்டைகள் மஞ்சளடித்திருந்தன. ஒன்றின் முனை உடைந்திருந்தது. சுருதி எங்கேயோ இறங்கிக் கிடந்தது. மூடியைத் தூக்கிக் காட்டச் சொல்லி உள்ளே பார்த்தாள். இரண்டு கம்பி இல்லை, சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி கொஞ்சம் தின்றிருந்தது. அடிப்பலகையில் மட்டும் விரிசலே இல்லை. கீழ்க் கட்டை ஒன்றை அமுக்கினாள். சத்தம் பலகை வழியாக அவள் முழங்காலுக்கு வந்தது. பக்கத்துப் பீரோவின் கண்ணாடி அதிர்ந்தது.

டீ கொண்டுவந்த கலீலின் மனைவி லத்தீஃபா வாசற்படியிலேயே நின்றாள். "இதுல சினிமாப் பாட்டு வருமா?"

வனஜா ஒரு பாட்டு வாசித்தாள். லத்தீஃபா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தெருவில் போன இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் போகும்போது ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டு போனார்.

வெடிக்க வேண்டிய மரம் என்றால் இத்தனை வருஷத்தில் வெடித்திருக்கும், வெடிக்கவில்லை. கம்பியும் கம்பளியும் மாற்றிவிடலாம், பெரம்பூரில் அதற்கு ஆள் இருக்கிறார். வனஜாவின் முடிவு இதுதான். பழையதை வாங்கலாம் என்றாள்.

இங்கே உத்தமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓவராயில் செக்‌ஷனில் அவர் ஃபிட்டர். விழுப்புரம் பக்கத்துக்காரர். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது முப்பத்தெட்டு வயதாகி, கல்யாணம் ஆகாமல் நின்றார். மன்றத்தின் செயற்குழுவிலும் இருந்தார். சாயங்காலம் கேரம் ஆட வருபவர், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாட்டு வகுப்பின் ஜன்னலோரம் நிற்க ஆரம்பித்தார். ஒரு வருஷம் நின்றார். பிறகு இருவரும் பேசினார்கள். தை மாதம் பதிவுத் திருமணம் என்று முடிவு செய்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை, அதாவது எல்லோருக்கும் தெரியும்.

செயற்குழு கூடியது. வனஜா உறுப்பினர் இல்லை. அபிப்பிராயம் சொல்ல அழைத்து ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். பார்த்ததைச் சொன்னாள். வீரராகவன் தன் பக்கத்தைச் சொன்னார்: பழைய சாமானுக்குச் சரியான பில் வராது, ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். இதுவரை பேச்சு பியானோவைப் பற்றித்தான் இருந்தது.

பொருளாளர் அய்யாசாமி எதையும் ஜோக்காகச் சொல்லிப் பெயர் வாங்கியவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல. புதுசு கெடைக்கறப்போ எவனாச்சும் செகண்ட் ஹேண்டைத் தேடிப் போவானா?" நிறுத்தி, தலையைத் திருப்பினார். "நம்ம உத்தமனைத்தான் கேக்கணும். அவருக்குத்தான் அனுபவம்."

அறையே சிரித்தது. மேஜை தட்டினார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வனஜா யாரையும் பார்க்கவில்லை, உத்தமனை மட்டும் பார்த்தாள். உத்தமன் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, மேலதிகாரி ஜோக் சொன்னால் உதட்டில் வருமே, அந்த மாதிரி. வந்தது, போயிற்று. அவள் பார்த்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. புதிய பியானோவுக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. உத்தமனின் கையும்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவர் ஓடிவந்து பிடித்தார்.

"வனஜா, கோவமா? எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் சட்டுனு வந்துடுச்சு."

"கையும் சட்டுனுதான் மேல போச்சா?"

"பழசுக்குத் தூக்கியிருந்தா உங்களை வெச்சு இன்னும் பேசியிருப்பாங்க. உங்களுக்காகத்தான்..."

"எனக்காகப் புதுசுக்கு ஓட்டுப் போட்டீங்க. நாளைக்கு எனக்காகவே வேற பொண்ணைக் கட்டிப்பீங்க. விடுங்க சைக்கிளை."

"நான் ஒரு மன்னிப்புக் கேட்டா..."

"என் காதுல ரகசியமாச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. எங்க சிரிச்சீங்களோ அங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் தை மாசத்தைப் பத்திப் பேசலாம். இல்லேன்னா வேணாம்."

அவள் மிதித்துக்கொண்டு போய்விட்டாள். கோபத்தைவிட அவளுக்குப் பயம்தான் அதிகம். ஒரு முறை கல்யாணம் செய்து, ஒரு லாரி அவளை விதவையாக்கியது. இந்த முறை ஊர் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிற ஆளோடு வாழ்ந்தால், லாரி தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி பஸ் ஏறினாள். கலீல் குடோனில் அந்தப் பியானோவை யாரும் வாங்கவில்லை. அவள் வந்து வாசிப்பதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை. "நீங்க வாசிச்சா நாலு பேரு உள்ள வரான் மேடம். போன வாரம் மான் தலை கூடப் பூடுச்சு!" உத்தமன் ஜன்னலோரம் நிற்பதை நிறுத்தவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புதுப் பியானோ ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்து இறங்கியது. தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் சொல்ல வேண்டாம். லேத், கிரேன், டைப்ரைட்டர், மேலாளரின் ஜீப் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அறிவியலால் ஓடுகிற மெஷினை வருஷத்தில் ஒரு நாள் எலுமிச்சம்பழத்தால் ஓட்டுவார்கள். அப்படியிருக்க, பியானோவை மட்டும் விட்டுவிடுவார்களா? பூஜையையும் வெள்ளி விழாவையும் ஒரே மேடையில் வைத்தார்கள்.

வனஜா மேடைக்கு வந்தபோது பியானோ கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. முதுகில் சாமந்தி மாலை. மூன்று காலிலும் திருநீற்றுப் பட்டை. கட்டைகளில் ஒன்று விட்டு ஒன்று சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அய்யாசாமி சொம்பும் மாவிலையுமாக நின்றார். மூடியைத் தூக்கி உள்ளேயும் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்.

"சார், உள்ள தண்ணி படக் கூடாது!"

"தண்ணி இல்லம்மா, தீர்த்தம்" என்றார் அய்யாசாமி.

வீரராகவன் அவளைத் தனியே கூப்பிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "வனஜா, ஒரு அஞ்சு நிமிஷம் கீழ இருங்க. முதல் கட்டையை ஒரு சுமங்கலி தொட்டா நல்லதுன்னு பெரியவங்க அபிப்பிராயம். நம்ம வீட்ல தொடுவாங்க. அப்புறம் நீங்க தாராளமா வாசிக்கலாம்."

அவர் வீட்டில் என்றால் அவர் மனைவி ஜெகதாம்பாள். பட்டுப்புடவையில் மேடையோரம் ஒதுங்கி, எதைத் தொட வேண்டும் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ அவங்களே வாசிக்கட்டும் சார்" என்றாள் வனஜா. "நான் போறேன்."

"என்னம்மா, கூட்டம் வந்து உக்காந்திருக்கு!"

முன்வரிசையிலிருந்து உத்தமன் எழுந்தார். மேடைக்கு அருகே வந்து நின்றார்.

"சார், அவங்க எதுக்குக் கீழ போகணும்? என் செக்‌ஷனுக்கு வர்ற எஞ்சின் எல்லாமே எங்கேயோ ஓடி வந்ததுதான். பிரிச்சு, சுத்தம் பண்ணி, சேர்த்துக் குடுத்தா எல்லைக்குப் போய் நிக்குது. அத யாராவது செகண்ட் ஹேண்டுன்னு சொல்றீங்களா? அந்த மாதிரிதான் இவங்களும்..."

"உத்தமன்!" என்றாள் வனஜா. மைக் திறந்திருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. "நான் எஞ்சின் இல்ல. பியானோவும் இல்ல. பொருளுக்குத்தான் புதுசு, பழசு. எனக்கு வயசு முப்பத்தி நாலு. அவ்வளவுதான்."

உத்தமன் வாயை மூடினார். பேச வந்தது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பிறகு உவமை எதுவும் இல்லாமல் பேசினார்.

"சரி. தை மாசம் நானும் வனஜாவும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம், அவங்க சம்மதிச்சா. போன கூட்டத்துல அய்யாசாமி சார் இவங்களைக் கேலி பண்ணாரு. நானும் சேர்ந்து சிரிச்சேன். அது ஈனத்தனம்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பின்வரிசைப் பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். அய்யாசாமிக்கு முதல் தடவையாக ஜோக் எதுவும் வரவில்லை. சொம்பைக் கீழே வைத்தார்.

வனஜா மேடையிலேயே இருந்தாள். பியானோ முன் உட்கார்ந்தாள். வாசிக்க ஆரம்பித்த இரண்டாம் வரியிலேயே நடுவில் ஒரு கட்டை பேசவில்லை. கீழே போயிருந்தது, எழும்பவில்லை. விரலால் நெம்பினாள். எழும்பவில்லை. பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை.

முணுமுணுப்பு கிளம்பிற்று. முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது அது தெளிவாகவே இருந்தது. "பாத்தியா? புத்தம் புதுசு. அவ கை பட்டதும்..."

லாரிக்குச் செவ்வாய். சந்தனத்துக்கு வனஜா.

"அட, சும்மா இருங்க!" என்று ஒரு குரல் வந்தது. ஜெகதாம்பாள். இருபத்தைந்து வருஷமாக மன்றத்து விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றியவர். யாரும் அவர் குரலைக் கேட்டதில்லை. "அது நான் அமுக்கின கட்டை. நீங்க அங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்பவே எங்க வீட்டுக்காரர் வந்து, நல்ல நேரம் முடியுது, தொட்டுடு தொட்டுடுன்னு முதுகுல இடிச்சாரு. தொட்டேன். கீழ போச்சு, வரல. சந்தனத்தை அப்பி வெச்சா எப்படி வரும்? தோசைக்கல்லுல மாவு ஒட்டினாப்ல ஒட்டிக்கிச்சு."

வீரராகவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரங்கம் சிரித்தது. இந்தச் சிரிப்பில் வனஜாவும் கலந்துகொண்டாள். சுமங்கலியின் கை என்று தனியாக ஒரு கை இல்லை, பிசுக்கு என்று ஒன்று உண்டு என்பதை ஆவடிக்கு எடுத்துச் சொல்ல ஒரு சுமங்கலியே வேண்டியிருந்தது.

பெரம்பூர்க்காரர் வந்து கட்டைகளைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்துப் போட்டார். உள்ளே துரு பிடித்த கம்பிகளை மாற்றினார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தப் புதுப் பியானோ மோசமில்லை. மே மாதத்தையும் ஐப்பசியையும் தாங்கியது. கீழ்க் கட்டைகளின் சளிகூட நாலைந்து வருஷத்தில் தெளிந்தது. "நான் பயந்த அளவுக்கு இல்லை" என்று வனஜாவே வீரராகவனிடம் ஒப்புக்கொண்டாள். அடுத்த ஆயுத பூஜையிலிருந்து பியானோவுக்கு மாலை மட்டும் போட்டார்கள். அவள் ஓய்வு பெறும் வரைக்கும் அதில்தான் சொல்லிக்கொடுத்தாள். ஜெர்மன் பியானோ கலீல் குடோனிலேயே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அதற்கு.

தை மாதம் பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு மாலை, இரண்டு கையெழுத்து. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கலீல் ரகுமான். உத்தமனின் அம்மா வரவில்லை. மூன்றாவது தங்கை மட்டும் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் இருவரும் கட்டில் பார்க்கக் குடோனுக்குப் போனார்கள். கலீல் ஒரு பெரிய தேக்குக் கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"ஜமீன் வூட்டுக் கட்டில். உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். உத்தமன் அண்ணாத்தே, உக்காந்து பாரு."

உத்தமன் உட்காரவில்லை. வனஜாவின் முகத்தைப் பார்த்தார். பழசு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. வேண்டும் என்று சொன்னால் இந்த இடத்தில் அதற்கு என்ன அர்த்தம் வரும் என்றும் தெரியவில்லை. "நீங்க சொல்றதுதான்" என்றார்.

வனஜா குனிந்து கட்டிலின் மூலைப் பொருத்தில் கொண்டை ஊசியை விட்டு இழுத்தாள். ஊசி முனையைப் பார்த்தாள்.

"புதுசே வாங்கிடலாம்" என்றாள்.

"ஏன் மேடம்? பியானோ மட்டும் பழசுதான் நல்லதுன்னீங்க?"

"பியானோவுல மூட்டைப்பூச்சி இல்ல பாய்."

"எங்க கட்டில்ல மூட்டைப்பூச்சியா? லத்தீஃபா, இங்க வா, இவங்க இன்னா சொல்றாங்க பாரு!" என்று கலீல் உள்ளே பார்த்துக் கத்தினார். உத்தமன் சிரித்தார். சிரித்த பிறகு வனஜாவைப் பார்த்தார், இது சிரிக்கிற இடம்தானா என்று. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.